அம்மாவைவிட உயரமான நாற்காலி

நேமத்தான்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு நான் இப்போது விருந்தாளியாகத்தான் போகிறேன். வங்கி வேலையில் இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோதே, அவ்வளவு பெரிய வீட்டை நானும் மனைவியும் கூட்டிப் பெருக்கக்கூட முடியாது என்று தெரிந்துவிட்டது. ஓர் ஓட்டல்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, காரைக்குடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வெளிநாட்டு விருந்தினர் யாராவது வீட்டின் கதையைக் கேட்டால் ஓட்டல் மேலாளர் எனக்குப் போன் செய்வார். தேக்கு எங்கிருந்து வந்தது, கண்ணாடி எங்கிருந்து வந்தது, சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியது உண்மைதானா என்று நான் போய் ஒப்பித்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியிலும் அப்படித்தான் கூப்பிட்டார். குரல் மட்டும் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“சார், ஒரு பெரியவர் வந்து தங்கியிருக்காக. தாய்லாந்து ராசா வீட்டு ஆளு போல. பதிவுல சாதாரணப் பேருதான் குடுத்திருக்காக. ஆனா கூட வந்திருக்கவர் நடந்துக்கிறதப் பாத்தா அப்படித் தெரியல. அவுக உக்காந்திருந்தா இவரு நிமிந்து நடக்க மாட்டேங்குறாரு. முட்டி போட்டு நகந்து போறாரு சார். நம்ம பசங்க பாத்துட்டுச் சிரிக்கிறாய்ங்க. நீங்க கொஞ்சம் வாங்க.”

நான் போனபோது அந்தப் பெரியவர் முற்றத்தை ஒட்டிய கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு, அரைக்கைப் பருத்திச் சட்டை, துணிக் காலணி. உதவியாளர் சற்றுத் தள்ளி ஒரு தூண் ஓரமாகத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கே அறுபது இருக்கும். பெரியவர் எழுந்து கைகூப்பினார். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத்தனை அறைகளில் எத்தனை பேர் இருந்தீர்கள்?”

“மூன்று பேர்” என்றேன். “அப்பா, அம்மா, நான்.”

அவர் சத்தம் வராமல் சிரித்தார். “எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அதனால்தான் மற்றவர்களுடைய பெரிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரிகிறேன்.”

அவர் இளவரசர் என்பதை அவர் வாயாலேயே கேட்க இரண்டு மூன்று நாட்கள் ஆயின. அதற்குள் தினமும் காலையில் நான் அங்கே போக ஆரம்பித்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவரோடு பேசுவது எனக்குப் பிடித்துவிட்டது. வங்கியில் இருந்த காலத்தில் பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றிப் பேசும்போது யாரோ தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிய ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா ஓர் இளவரசர். ஒரு காலத்தில், அரியணைக்கு அடுத்து யார் என்ற பேச்சில் அப்பாவின் பெயரும் சில வருடங்கள் அடிபட்டிருக்கிறது. பிறகு அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. ஆனால் வீடு ஓயவில்லை.

“எங்கள் வீடு ஒரு ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை மாதிரி” என்றார். “பெட்டி படுக்கை எல்லாம் கட்டி வைத்திருப்போம். அந்த வண்டி எங்கள் ஊரில் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.”

“நீங்களும் வரிசையில் இருந்தீர்களா?”

“இருந்தேன். இன்னும் எங்கேயோ இருக்கிறேன். மற்ற வரிசைகள் முன்னால் நகரும். எங்களுடையது பின்னால் நகரும். அரண்மனையில் ஒரு குழந்தை பிறந்தால் நாட்டுக்கே கொண்டாட்டம். நானும் போய்க் கைதட்டுவேன். பொய்யில்லை, உண்மையான சந்தோஷம்தான். ஆனால் ஓரடி பின்னால் போய் நின்று கைதட்டுவேன்.”

அரசரைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொன்னதில்லை. அந்தப் பேச்சு வரும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார். குறை சொன்னதெல்லாம் தன்னைத்தான். வாழ்க்கை முழுவதும் விழாக்களுக்குத் தலைமை தாங்கினாராம். பள்ளிக்கூடம் திறப்பார், பட்டம் வழங்குவார், இறந்தவர்களுக்கு மரியாதை செலுத்தப் போவார். “நான் செய்த வேலைகளில் பாதி, போய் உட்கார்ந்திருப்பது. மீதிப் பாதி, எழுந்து நிற்பது” என்றார்.

இளமையில் இங்கிலாந்தில் வேளாண்மை படித்திருக்கிறார். கூடப் படித்த ஒரு ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். அந்நிய நாட்டுப் பெண்ணை மணந்தால் வரிசையில் இடம் இல்லை என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். அப்பா வேண்டாம் என்று சொன்னார். இவர் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

“செய்திருக்கலாம்” என்றார். “யாரும் என்னைச் சிறையில் போட்டிருக்க மாட்டார்கள். வரிசையில் இருந்து ஒரு பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்று எனக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்று அப்போதே தெரியும். ஆனாலும் விட முடியவில்லை.”

“ஏன்?”

முற்றத்தில் ஓட்டல் ஆட்கள் வடகம் காயப்போட்டிருந்தார்கள். அணில் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“அதற்காக என் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.”

அவருடைய அம்மா ஆற்றுக்கு அக்கரையில் துரியன் பழத்தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். இளவரசருக்கு மனைவியானாலும் அவள் இளவரசி ஆகவில்லை. குழந்தை பிறந்தபோது, குழந்தைக்கு அப்பாவின் அந்தஸ்து வந்தது. அம்மா இருந்த இடத்திலேயே இருந்தாள். அதாவது, பெற்றவளைவிடப் பிள்ளை பெரியவன். அவர்கள் மொழியில் அரச வம்சத்தாரிடம் பேச வேறு சொற்கள் உண்டு. சாப்பிடுவதற்கு ஒரு சொல், தூங்குவதற்கு ஒரு சொல், கை கால் தலைக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள். தொட்டிலில் கிடந்த குழந்தையிடம் அவள் அந்தச் சொற்களில்தான் பேசினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தான் சாய்’ என்பாளாம். ‘இளவரசர் ஐயா’ என்பதுபோல ஒரு மரியாதைச் சொல்.

“எல்லா வீடுகளிலும் இவ்வளவு கண்டிப்பு இருக்காது. எங்கள் வீட்டில் இருந்தது. நாளைக்கே அழைப்பு வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்று அப்பா நினைத்தார்” என்றார். “சாப்பாட்டு அறையில் எனக்காக உயரமான நாற்காலி ஒன்று செய்து போட்டிருந்தார்கள். ஊட்டிவிட வேண்டிய வயது. அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கையை மேலே தூக்கித் தூக்கி ஊட்டுவாள். நான் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். அவள் முகத்தைவிட வகிடுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.”

படிக்க வெளிநாடு போன அன்று, விமான நிலையத்தில் மற்றப் பையன்களின் தாய்மார்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்களாம். இவருடைய அம்மா சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுக் கைகூப்பியபடி இருந்தாள். இவர் தலையை அசைத்துவிட்டு விமானம் ஏறினார்.

அன்று எனக்கு வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனைவியிடம் சரியாகப் பேசவில்லை. “ஒடம்புக்கு என்ன பண்ணுது ஒங்களுக்கு?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு பெரிய புகைப்படங்களின் கீழே நின்றுகொண்டிருந்தார்.

“உங்கள் பெற்றோரா?”

“ஆமாம்” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, “வளர்த்தவர்கள்” என்றேன்.

எங்கள் சமூகத்தில் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டில் இருந்து ஒரு பையனைக் கொடுப்பார்கள். பிள்ளை கூட்டுவது என்று சொல்வோம். அந்த வீட்டின் பெயர் சொல்ல, விளக்கேற்ற, கொள்ளி வைக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும். நான் பிறந்தது வலையபட்டியில். அப்பச்சிக்கு, அதாவது பெற்ற அப்பாவுக்கு, வருமானம் குறைவு. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அப்பச்சியின் பெரியப்பா மகன் வீட்டில் எல்லாம் இருந்தது, பிள்ளை இல்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது சபை கூட்டி, மஞ்சள் தண்ணீர் குடிக்கவைத்து, கழுத்தில் சங்கிலி போட்டு, என்னைக் கொடுத்தார்கள். காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கார் கிடைத்த சந்தோஷத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வளர்த்த ஆத்தா எனக்குக் காய்ச்சல் என்றால் தூங்க மாட்டார்கள். வளர்த்த அப்பச்சி என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். பெற்றவள் எனக்குச் சின்னாத்தா ஆகிவிட்டாள். முறைப்படி அது சரிதான். சித்தப்பா முறைக்காரரின் மனைவி. அவளும் மாறிவிட்டாள். அதற்கு முன் “வாடா, இங்குட்டு வா, கையக் கழுவு” என்று சொன்ன வாய், அடுத்த முறை பார்த்தபோது “வாங்க தம்பி, சாப்புட்டீகளா” என்றது. சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பெரியவன் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன்.

இளவரசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எப்போது இறந்தார்கள்?” என்றார்.

“யார்?”

“உங்களைப் பெற்றவர்.”

“இறக்கவில்லை. வலையபட்டியில் என் தம்பியோடு இருக்கிறார்கள்.”

அவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “இருக்கிறார்களா! எவ்வளவு தூரம்?”

“பக்கம்தான். கார் இருந்தால் மத்தியானத்துக்குள் போய்விட்டு வந்துவிடலாம்.”

“அம்மா பக்கத்தில் இருக்கும்போது இங்கே உட்கார்ந்து எனக்குத் தேக்கு மரத்தின் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே” என்றார். பிறகு தயங்கி, “நான் அவரைப் பார்க்கலாமா?” என்றார்.

தம்பிக்குப் போன் செய்து, ஒரு விருந்தாளியோடு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை ஓட்டல் காரில் மூன்று பேரும் போனோம். தம்பி கடையைத் திறக்கக் காரைக்குடிக்குப் போயிருந்தான். தம்பி மனைவி வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். பெரிய வீட்டில் தம்பி பங்குக்கு வந்த ஒரு பக்கத்தில் இரண்டு அறைகளைச் சீர்செய்து இருக்கிறார்கள். சின்னாத்தா சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூட்டு வலியால் தரையில் உட்காருவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழப்பார்த்தாள்.

“வாங்க தம்பி, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. எப்ப பொறப்பட்டீக? காப்பி சாப்புடுறீகளா?”

“உக்காருங்க சின்னாத்தா, எந்திரிக்காதீக” என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். இளவரசர் வாசல்படியிலேயே நின்றுவிட்டிருந்தார். மொழி தெரியாத மனிதர். ஆனால் அவள் எழ முயன்றதைப் பார்த்துவிட்டார்.

“உங்களைப் பார்த்தால் எழுந்திருப்பார்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“வழக்கம்” என்றேன்.

அவர் உள்ளே வந்து, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவள் காலுக்கு எதிரே, வெறுந்தரையில். உதவியாளர் பதறிப்போனார். இவர் தரையில் உட்கார்ந்தால் தான் எங்கே உட்காருவது என்று அவருக்குப் புரியவில்லை போல. வாசல்படிக்கு வெளியே போய், உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கிட்டத்தட்டப் படுத்தே விட்டார். தம்பி மனைவி கொண்டுவந்த தண்ணீர்ச் செம்போடு அவரைத் தாண்ட முடியாமல் நின்றாள்.

“என்ன தம்பி இது? யாரு இவுக?”

“தாய்லாந்து ராசா வீட்டுக்காரவுக. ஒங்களப் பாக்கணும்னு வந்திருக்காக.”

“ஆத்தாடி! ராசா வீட்டுப் பிள்ள தரையில உக்காருறாக, நான் நாக்காலில உக்காந்திருக்கேன். மேல உக்காரச் சொல்லுங்க தம்பி. பாவம்ல.”

நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றியை அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் எழவில்லை. அவள் அதற்குப் பதறவில்லை. காலில் விழுகிறவர்களை அவளுக்குப் பழக்கம் உண்டு. குனிந்து அவர் தலையில் கைவைத்து, “நல்லா இருங்க, நோய் நொடி இல்லாம இருங்க” என்றாள். பக்கத்துச் சிமிழில் இருந்து திருநீறு எடுத்துப் பூசிவிட்டாள். அவர் நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது.

“இவுகளுக்கு ஆத்தா இருக்காகளா தம்பி?”

“இல்ல.”

“பிள்ளைக?”

“கல்யாணமே பண்ணிக்கல.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப யாரையாச்சும் பிள்ள கூட்டிக்கச் சொல்லுங்களேன். ராசா வீட்டுக்குப் பிள்ளையா குடுக்க மாட்டாக?”

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று திணறினேன். கடைசியில் அப்படியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “ஒன்று கேட்கலாமா? உங்கள் மகனைக் கொடுத்த நாளில் உங்களுக்கு எப்படி இருந்தது?”

அந்தக் கேள்வியை நான் என் வாழ்நாளில் அவளிடம் கேட்டதில்லை. அது கேட்கக்கூடிய கேள்வி என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அன்று வேறொருவர் கேள்வியாக, என் குரலில் கேட்டேன்.

அவள் கொத்தவரங்காயை எடுத்து நார் உரித்தாள்.

“எப்படி இருக்கும்? மூணு பிள்ள இருந்துச்சு. அங்குட்டு ஒண்ணுமில்ல. குடுத்தோம். நல்ல எடம். ஒரு பருக்கைக்குக் கொறையில்லாம வளத்தாக. வளத்த ஆச்சி தங்கமான மனுசி.” இன்னொரு காயை எடுத்தாள். “எங்க மாமியா சொன்னாக, இனிமே அவுக அந்த வீட்டுப் பிள்ள, வாடா போடான்னு கூப்புட்டா அந்த வீட்டுக்கு மரியாத இல்ல, வாங்கன்னு பழகிக்கன்னு. எனக்கு வாயி திரும்பல. அடுப்படில தனியா நின்னு, வாங்க தம்பி, வாங்க தம்பின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பேன். பெறகு வந்திருச்சு.”

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அவர் காத்திருந்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அடுப்படியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தாள் என்று முடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கேட்டாகன்னு சொன்னேன். பலகாரம் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?” என்றாள்.

வெள்ளைப் பணியாரமும் கார சட்னியும் வந்தன. இளவரசர் தரையில் இருந்தபடியே சாப்பிட்டார். கிளம்பும்போது அவரைத் தூக்கிவிட நானும் உதவியாளரும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. “இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க தம்பி, நல்ல மனுசரா இருக்காக” என்று அவள் சொன்னாள். வாசல்வரை வர எழுந்தவளை நான் தடுத்தேன்.

திரும்பும்போது வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றதும் இளவரசர் சொன்னார்.

“என் அம்மாவும் பயிற்சி செய்திருப்பாள். தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து தெரியும்? வயிற்றில் நான் இருக்கும்போதே யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு இது தோன்றியதே இல்லை. அவள் பிறக்கும்போதே அப்படிப் பேசிக்கொண்டு பிறந்தவள் என்பதுபோல நினைத்திருந்தேன்.”

ரயில் வந்து போனது. கேட் திறந்தது. அவர் தொடர்ந்தார்.

“எனக்கு நான்கைந்து வயது இருக்கும். ஒருநாள் விளையாடிவிட்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்து ‘சாப்பிடு’ என்றாள். அரசச் சொல் இல்லை, தோட்டத்துச் சொல். அவள் வீட்டில் அவளை அப்படித்தான் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள். வாய் தவறி வந்துவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. நான் அவளைத் திருத்தினேன். ‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று சொல்லிச் சரியான சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வாய் தவறியதே இல்லை.”

“சின்னக் குழந்தைதானே நீங்கள்” என்றேன்.

“ஆமாம். ஆனால் எழுபது வயதுவரை அவள் உயிரோடு இருந்தாளே. அதற்குள் ஒருநாளாவது அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கலாம். இறந்தபோது அவள் காலில் தலைவைக்க நினைத்தேன். அத்தைமார்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி அவள் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.”

இரண்டு நாள் கழித்து அவர் மதுரை போய் விமானம் ஏறினார். வழியனுப்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வாய்ப்பு முடிந்துவிட்டது. உங்களுக்கு முடியவில்லை” என்றார்.

நான் உடனே போகவில்லை. வெட்கமாக இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவன் திடீரென்று போய் ஒரு பெண்ணை ஆத்தா என்று கூப்பிடுவது எப்படி? பொங்கல் கழித்து ஒரு நாள் தனியாகப் பேருந்தில் போனேன். தம்பி மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். சின்னாத்தா கட்டிலில் படுத்திருந்தாள். கண்புரை, வந்தது யார் என்று உடனே தெரியவில்லை.

“யாரு?”

“நான்தான் ஆத்தா” என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்துப் போனவன் நான். அவள் பயந்துவிட்டாள். வாசல் பக்கம் பார்த்தாள்.

“அப்படிக் கூப்புடாதீக தம்பி. அந்த ஆச்சி காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்?”

“அவுக செத்து எத்தன வருசமாச்சு.”

“செத்தா என்ன? குடுத்தது குடுத்ததுதான். சபையில வச்சுக் குடுத்தோம். மஞ்சத்தண்ணி குடிச்சிருக்கீக. இப்பப் போயி அத எடுத்துக்கிட்டா நான் சொன்ன சொல்லு என்ன ஆகும்?” பிறகு குரல் தணிந்தது. “எனக்கு ஒங்க மேல வருத்தமெல்லாம் இல்ல. நீங்க சின்னாத்தான்னே கூப்புடுங்க. அதுவும் ஆத்தாதான.”

பக்கத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன், அதை அவள் விலக்கவில்லை. என் பேத்தி எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டாள். மனைவிக்குச் சர்க்கரை குறைந்ததா என்று கேட்டாள். “நேரமாச்சு தம்பி, பஸ்ஸு போயிறப் போகுது” என்று அவளே என்னை அனுப்பிவைத்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “வாடா” என்று சொல்லச் சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். அதைக் கேட்காமலே வந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றவில்லை. அவளுக்கு அந்தப் பயிற்சி போய்விட்டது.

அடுத்த ஐப்பசியில் இறந்துபோனாள். கொள்ளி வைத்தது தம்பி. அதுதான் முறை, நான் வேறு வீட்டுப் பிள்ளை. பங்காளிகளோடு நின்றேன், அவர்களோடு காலைத் தொட்டுக் கும்பிட்டேன், அவர்களோடு குளித்துவிட்டு வந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் தம்பியின் கையைப் பிடித்தார்கள். என்னிடம், “சின்னாத்தா நல்ல மனுசி” என்றார்கள். நான் “ஆமாம்” என்றேன்.

இளவரசருக்குப் போனில் சொன்னேன். அவர் குரல் மிகவும் மெலிந்திருந்தது. மருத்துவமனையில் இருந்து திரும்பியிருந்தார். இனிப் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊர்க் கோயிலில் அவள் பேரில் துறவிகளுக்கு உணவு படைக்கச் செய்கிறேன், அவள் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். உங்கள் அம்மா என்று சொல்லலாமா என்று கேட்டார். உங்கள் ஊரில் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் தம்பியும் மட்டும் இருந்தோம். அவன் பந்தல்காரர்கள் விட்டுப்போன நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் இருந்தே எங்களுக்குள் அதிகப் பேச்சு இல்லை. அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

“அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கிப் பொழுது முழுக்க ஆத்தா யார்கிட்டயும் பேச மாட்டாக. சோறு வச்சாலும் அப்படியே இருக்கும்.”

“எப்ப இருந்து?”

“எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து. நீங்க வாரீகன்னாலே எங்களுக்குப் பயம். நாங்க சின்னப் பிள்ளைக. அடுத்த வேளைக்கு யாரு சோறாக்குவான்னு பயம்.”

நாற்காலிகளை எடுக்க வண்டி வந்தது. இரண்டு பேருமாக ஏற்றிவிட்டோம்.